ஏரிக்கு அப்பால் ஒரு வாக்குச் சாவடி

வாக்குச் சாவடிகளை அமைப்பதற்கான அறிவுரைகளில் ஒரு வரி உண்டு: சாதாரணமாக எந்த வாக்காளரும் தம் வாக்கைச் செலுத்த இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கக் கூடாது. தேர்தல் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்த வரி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் போன எதையும் அதன்பிறகு யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

1991இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு வட்ட அலுவலகத்தில் நான் தேர்தல் பிரிவு உதவியாளர். குன்றத்தூரிலிருந்து தினமும் பஸ். இப்போது அந்தச் சாலையில் தொழிற்சாலை ஷிப்ட் பஸ்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டவே துணிச்சல் வேண்டும். அப்போது ஜன்னலுக்கு வெளியே வயல், ஏரி, மறுபடி வயல். எங்கள் தொகுதியில் தேர்தல் என்றால் வாக்காளர், வேட்பாளர், கட்சி என்று மற்றவர்கள் நினைப்பார்கள். எங்களுக்குத் தேர்தல் என்றால் பட்டியல், உறை, அரக்கு, முத்திரை. வென்றவர் யார் என்பதை மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்வோம்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆட்சி கலைந்து, தேர்தல் வரப்போகிறது என்று தெரிந்ததும் மனுக்கள் வரத் தொடங்கின. அதில் ஒன்று, ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி, ஒரு ஏரிக்கு அப்பால் இருந்த குடியிருப்பிலிருந்து வந்தது. எண்பது சொச்சம் வீடுகள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். ஓட்டுப் போட அவர்கள் தாய்க்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். தூரம் அதிகம், எங்கள் இடத்திலேயே சாவடி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து ஒரு பெண்ணுடையது. எழுத்துக் கூட்டிப் போட்ட, பெரிய, கோணாத கையெழுத்து. அவரை இங்கே மனுதாரர் என்றே எழுதுகிறேன். கோப்பிலும் அப்படித்தான் இருந்தார்.

தூரத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. பீரோவிலிருந்து கிராம வரைபடத்தை எடுத்து விரித்து, குடியிருப்பில் ஒரு விரலை வைத்து, பள்ளிக்கூடம் வரை ஒரு நூலைப் பிடிக்க வேண்டும். நூலை அளவுகோலில் வைத்தால் கிலோமீட்டர் வந்துவிடும். வெயிலில் போக வேண்டாம், பயணப்படி எழுத வேண்டாம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் மட்டும் நூலை வளைக்க வேண்டும் என்று எனக்கு முன்பிருந்தவர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஏரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வருவாய்த் துறையின் கண்ணில் ஏரியும் நிலம்தான். அதற்குப் புல எண் உண்டு, பரப்பு உண்டு, நீர்நிலைப் புறம்போக்கு என்று வகைப்பாடு உண்டு. பதினைந்து வருடம் அடங்கல், சிட்டா என்று நிலப் பதிவேடுகளையே பார்த்த ஒருத்திக்குப் புல எண் உள்ள இடமெல்லாம் காலூன்றி நடக்கக்கூடிய இடமாகத்தான் தெரியும்.

நூலை நேராகப் பிடித்தேன். ஒன்றேமுக்கால் கிலோமீட்டர். "விதிமுறைக்கு உட்பட்ட தூரத்தில் வாக்குச் சாவடி உள்ளதால் மனு ஏற்கத்தக்கதல்ல" என்று குறிப்பு எழுதினேன். வட்டாட்சியர் கையெழுத்துப் போட்டார். பதில் தபாலில் போயிற்று. வந்த மனுக்களைக் குறித்துவைக்கும் என் தன்பதிவேட்டில் ஒரு வரிசை எண்ணுக்கு எதிரே "முடிவு" என்று எழுதியபோது இருந்த திருப்தி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, மனு நாளன்று, அந்தப் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஐம்பது வயதுள்ள ஒரு பெண் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"தேர்தல் மேடம் யாரு?"

"நான்தான்."

"இந்தக் கடுதாசி நீதாம்மா எய்தினியா?"

கையெழுத்து வட்டாட்சியருடையது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "ஆமாம்" என்றேன்.

"ஒண்ணேமுக்கா கிலோமீட்டர்னு போட்டுக்குது. எந்தப் பக்கமா வந்து அளந்த?"

"மேப்புல அளந்தோம்."

"மேப்புல ஏரி கீதா?"

"இருக்கு."

"அதுல தண்ணி கீதா?"

நான் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"நாங்க இன்னா மேடம், கொக்கா? ஏரி மேல பறந்துகினு வந்து ஓட்டுப் போடறதுக்கு?"

பக்கத்து மேசைத் தலைமை எழுத்தர் சிரித்துவிட்டார். "கொக்குக்கெல்லாம் ஓட்டு இல்லம்மா."

மனுதாரர் அவர் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு மட்டும் கீதா சார்?"

அதன்பிறகு தலைமை எழுத்தர் சிரிக்கவில்லை.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அவர் 1989 தேர்தலைச் சொன்னார். தை மாதம். ஏரி நிரம்பிக் கிடந்தது. நவரை நடவு நடந்துகொண்டிருந்தது. அன்றைய நடவைச் சீக்கிரமே முடித்துக் கரையேறி, கையைக் காலைக் கழுவிக்கொண்டு, ஏரிக்கரையைச் சுற்றி வேகமாக நடந்திருக்கிறார்கள். பதினோரு பெண்கள். பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தபோது கேட்டை மூடியாயிற்று. உள்ளே வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து முடித்துவிட்டார்கள். விதிப்படி வரிசையின் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கிச் சீட்டுக் கொடுக்க வேண்டும், பிறகு வருகிறவர் யாரும் சேரக் கூடாது. அந்த அலுவலர் விதியைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

"ஒரு வூட்டுல சாவுன்னாகூட கொஞ்சம் இருந்துதான் எடுப்பாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜனம் நிக்குது, இந்தப் பக்கம் நாங்க. கம்பியப் புடிச்சிகினு பாத்துட்டு திரும்பி வந்துட்டோம். முன்னாடியே கரையேறினதால அன்னிக்குக் கூலியும் அரையாள்தான்." சற்று நிறுத்திச் சொன்னார்: "கூலி போவுது மேடம். அந்த வாட்டி யாரு ஜெயிச்சாங்கன்னு பேசறப்ப நான் வாயத் தொறக்கவே முடியல. நான் போடலியே."

முடிவு என்று எழுதிய மனுவை மறுபடி திறக்க வேண்டுமானால் புதிய மனு வேண்டும், அதில் புதிய விவரம் வேண்டும். இதைச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்து, நடுவில் ஏரி இருப்பதை எழுதச் சொன்னேன்.

"ஏரி புச்சா மேடம்? எங்க தாத்தன் காலத்துலேர்ந்து கீது."

"கோப்புக்குப் புதுசு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நில அளவரை அழைத்துக்கொண்டு போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. ஏரி வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு குட்டை மட்டும் மின்னியது.

"மேடம், ஏரிதான் வத்திக் கெடக்கே. குறுக்கால போனா ரெண்டுக்குள்ள முடிஞ்சிரும். எதுக்கு இந்த வெயில்ல சுத்தணும்?"

மனுதாரர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார். "தை மாசம் வாப்பா. குறுக்காலயே போலாம். நீ மொதல்ல எறங்கு, நாங்க பின்னால வர்றோம்."

"எலெக்‌ஷன் மே மாசம்ல வருது?"

"இந்த வாட்டி மே மாசம். அடுத்த வாட்டி எப்பன்னு உங்கிட்ட சொல்லிட்டா வைப்பாங்க?"

அவர் சொன்னதுதான் சட்ட நிலையும். சாவடிப் பட்டியல் ஒரு தேர்தலோடு முடிந்துபோவதில்லை. எந்த மாதத்திலும் நடக்கக்கூடிய பாதையைத்தான் அளக்க வேண்டும். நான் இதைச் சொன்னதும் நில அளவர் சங்கிலியைத் தோளிலிருந்து இறக்கிக் கரையில் விரித்தார். கரை வழியாக அளந்தோம். உபரி நீர் வழியும் கலங்கல் அருகே கரை அறுந்து கிடந்ததால் வயலில் இறங்கிச் சுற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுக்கே பல சங்கிலி போயிற்று. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது நான்கு கிலோமீட்டரும் முந்நூறு மீட்டர் சொச்சமும். நில அளவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நடவு முடிச்சிட்டு இவ்வளவு தூரமா நடந்தீக?" என்று, வழியில் 1989 கதையைக் கேட்டிருந்த அவர் மனுதாரரைக் கேட்டார். பிறகு அளவுக் குறிப்பை எழுதினார். வழக்கமாக எழுதும் வரிக்குக் கீழே, யாரும் கேட்காமலே, "கரை வழியே நடந்து அளக்கப்பட்டது" என்று சேர்த்துக் கையெழுத்திட்டார்.

அடுத்து நான் குறிப்பு எழுத வேண்டும். அலுவலகத்தில் தவறு என்ற சொல்லை யாரும் எழுதுவதில்லை. "மறு ஆய்வில் தெரியவருகிறது" என்று எழுதுவார்கள். முதல் ஆய்வு என்ன ஆயிற்று என்று அதன்பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். நான் "எனது முந்தைய குறிப்பில் கண்ட தூரம் தவறு. ஏரியின் குறுக்கே அளக்கப்பட்டது" என்று எழுதினேன்.

வட்டாட்சியர் கூப்பிட்டார். "எதுக்கும்மா இது? மறு ஆய்வுன்னு போட்டா போதுமே. உங்க பேருக்கு நல்லதில்ல."

"அப்படிப் போட்டா மேல இருக்கறவங்க ரெண்டு தூரத்தையும் பாத்துட்டு, எது சரின்னு மறுபடி ஒரு அறிக்கை கேப்பாங்க சார். மே மாசம் போயிடும்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். ஓய்வு பெற அவருக்கு ஓராண்டு இருந்தது. "என் கையெழுத்தும் அதுல இருக்கு, தெரியுமில்ல?" என்றார். நான் தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டார். என் பணிக்காலத்தில் பல மேலதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இவரைத்தான்.

குடியிருப்பில் ஒரு பால்வாடிக் கட்டடம் இருந்தது. ஒரே அறை, ஒரே கதவு. உள்ளே போகவும் வெளியே வரவும் நடுவில் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்ளலாம், அதற்கும் வழிமுறை உண்டு. அதைப் புதிய சாவடியாக முன்மொழிந்து கோப்பு மேலே போயிற்று. சாவடிகளை அமைப்பவர் மாவட்டத் தேர்தல் அலுவலர். ஆனால் தேர்தல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கோப்பு மாவட்டத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போக வேண்டும், அதே வழியில் திரும்ப வேண்டும். மனுதாரர் திங்கட்கிழமைதோறும் வந்தார். நான் இன்னும் வரவில்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் போய்விடுவார்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. அந்த வாரம் முழுவதும் எங்கள் சாலையில் போலீஸ் வண்டிகளைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை, நாங்கள் தொகுதியின் பெயரைச் சொல்லவே கூசினோம். வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப் போயிற்று. தள்ளிப்போனதில் கோப்புக்குச் சில வாரங்கள் கிடைத்தன என்று ஒரு நொடி மனதில் கணக்குப் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கிடைத்த வாரங்களால் பயனும் இல்லை. இரண்டு நினைவூட்டுகள் அனுப்பினேன். பதில் இல்லை.

வாக்குப்பதிவுக்கு முந்தைய திங்களன்று மனுதாரரிடம் சொல்லவேண்டியதாயிற்று.

"அப்ப இந்த வாட்டியும் சுத்திகினுதானா?"

"ஆமாம்."

"ஏரி காஞ்சிக் கிடக்குது, குறுக்கால போலாம்னு பசங்க சொல்றாங்க."

"போகலாம். யாரும் தடுக்க முடியாது."

அவர் யோசித்தார். "குறுக்கால போனா, நீ மொதல்ல எய்தினது சரின்னு ஆயிடுமே."

இருபது வருடம் சர்வீஸ் ஆனவர்கள்கூடக் கோப்பை இவ்வளவு தூரம் யோசித்துப் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர் அன்றைய நிகழ்வுகளை ஒரு நாட்குறிப்பில் எழுதுவார். குறிப்பிடத்தக்கது வேறு ஏதாவது இருந்தால் எழுத அதில் இடம் உண்டு. எழுது என்று நான் அவருக்குச் சொல்ல முடியாது. குறிப்பிடத்தக்கதாக நடந்தால் அவர் எழுதுவார்.

"எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வாக்குப்பதிவன்று மண்டலக் குழுவின் ஜீப்பில் எனக்கு வேலை. படிவம் போதவில்லை, மை போதவில்லை என்கிற சாவடிகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. விடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் முதலில் போனோம். எப்போதும் ஒரு ஊர்க்காவல் படை ஆள் நிற்கும் வாசலில் அன்று துப்பாக்கியோடு நான்கு பேர். வாக்குப்பதிவு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஜீப்பை விட்டு இறங்கியபோது ஏரிக்கரை மேல் ஒரு வரிசை வருவதைப் பார்த்தேன்.

குடியிருப்பே நடந்து வந்தது. முந்தின இரவு பெய்த மழையில் கரை வழுக்கியது. பெண்கள் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். கால் விளங்காத ஒருவரை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கலங்கல் பக்கத்தில் அவரை இறக்கித் தூக்கிக் கடத்தி, மறுபடி உட்காரவைத்தார்கள். வரிசைக்குப் பின்னால், கரைக்குக் கீழே வயல் வழியாக ஒரு டிராக்டர் ஊர்ந்து வந்தது. அதில் ஒரு கட்சிக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய வியர்வை.

"அக்கா, ஏறுக்கா! பெரியவங்களயாவது ஏத்திவுடு. எவ்ளோ நேரமா கூப்டுகினே வர்றேன்!"

முன்னால் நடந்த மனுதாரர் திரும்பாமலே சொன்னார். "ஏறினா உன் ஆளு மேலதான் கேசு வரும். ஓட்டுக்கு வண்டி வுட்டா நூத்தி முப்பத்திமூணாவது பிரிவு. மேடத்தைக் கேளு, அதோ நிக்கறாங்க."

கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். டிராக்டர் நின்றுவிட்டது.

போலீஸ் சோதனை முடிந்து குடியிருப்புக்காரர்கள் வரிசையில் நின்றபோது தாய்க்கிராமத்துக்காரர்கள் ஒருவர்கூட இன்னும் வந்திருக்கவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் தெரிகிறவர்கள் அவசரப்பட மாட்டார்கள். சாவடித் தலைமை அலுவலர் வேறு ஊர்ப் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியர். வெளியே வந்து வரிசையைப் பார்த்துவிட்டு, "எங்கேர்ந்தும்மா இவங்கள்லாம்?" என்று என்னைக் கேட்டார். ஏரிக்கு அந்தப்புறத்தைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக் கரையின் நீளத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் படிவங்களுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

மாலையில் மை மீதியைச் சேகரிக்கத் திரும்பியபோது மனுதாரர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, விதிப்படியான நூறு மீட்டருக்கு அப்பால், ஒரு மரத்தடியில் இருந்தார். கூட வந்தவர்களில் கடைசி ஆள் வெளியே வரும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

"எல்லாம் போட்டாச்சு. ஒரு ஆளு பாக்கியில்ல. இனிமே உன் கடுதாசிதான் பாக்கி."

நாட்குறிப்பில் தலைமை ஆசிரியர் எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். ஏரிக்கு அப்பாலுள்ள குடியிருப்பின் வாக்காளர்கள் அனைவரும் கரை வழியே நடந்து, வாக்குப்பதிவு தொடங்குமுன்பே வந்து வரிசையில் நின்றதாகவும், அவர்களிடம் எந்தச் சலசலப்பும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி: "தொலைவு கருத்தில் கொள்ளத்தக்கது." நல்ல கையெழுத்து. தேர்தல் அலுவலரின் அனுமதியோடு நகல் எடுத்து மூன்றாவது நினைவூட்டோடு இணைத்தேன். ஒரு கோப்பை அனுப்பும்போது எழுந்து நின்று அனுப்ப வேண்டும் என்று தோன்றியது அப்போது மட்டும்தான்.

ஆகஸ்டில் மேலிருந்து ஒரு கேள்வி வந்தது. மேற்படி ஏரியில் படகுப் போக்குவரத்து உண்டா? இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். திங்களன்று மனுதாரரிடம் சொன்னபோது அவர் ரசித்துச் சிரித்தார்.

"படகு குடுத்தாலும் வாங்கிக்கிறோம்னு ஒரு வரி சேத்து எய்திடு மேடம். மீனாச்சும் புடிக்கலாம்."

தலைமை எழுத்தர் தன் மேசையிலிருந்து, "வலையும் சேத்துக் கேளுங்கம்மா" என்றார். இந்த முறை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிற்று. கார்த்திகையில் மனுதாரர் இரண்டு திங்கட்கிழமைகள் வரவில்லை. நவரைக்கு ஏர் ஓட்டி நாற்று விடும் காலம், அவருக்கு வேலை இருந்தது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் தபாலில் அந்த உறை வந்தது. பால்வாடிக் கட்டடம் புதிய வாக்குச் சாவடியாக அனுமதிக்கப்பட்டது, வாக்காளர் பட்டியலில் அந்தக் குடியிருப்பைத் தனிப் பாகமாகப் பிரிக்க வேண்டும். மனுதாரருக்கு நகல் என்று கீழே போட்டிருந்தது. தபாலில் அனுப்புவதுதான் முறை. வட்டாட்சியரிடம் இரண்டு மணி நேர அனுமதி கேட்டேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, ஜீப் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் போய் இறங்கி, கரை வழியே நடந்தேன். இடது பக்கம் முழுவதும் தண்ணீர்.

அவர் நாற்றங்காலில் இருந்தார், முழங்கை வரை சேறு. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கையைத் துடைக்க இடமில்லாமல், "படி மேடம்" என்றார். மற்ற பெண்களும் நிமிர்ந்து நின்றார்கள். வரப்பில் நின்றபடி மேலேயுள்ள பார்வை எண்ணிலிருந்து கீழேயுள்ள கையெழுத்து வரை ஒரு சொல் விடாமல் படித்தேன்.

முடித்ததும் மனுதாரர் கேட்டார். "உங்க ஆபீசுக்கு எப்ப வந்துதுன்னு போட்டுக்குதா?"

"முத்திரை இருக்கு."

"அதயும் படி."

படித்தேன். 1991 டிசம்பர் 12, அன்றைய தேதி.